தேற்றாங்கொட்டையும் தட்டுப் பவளமும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பவளம், உப்பு, கடல் என்று நான் எழுதுவதைப் பார்த்து, இவன் ஏதோ காலேஜில் மீன் படிப்புப் படித்தவன் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள். நாற்று முடி சுமந்த தோள்தான் என் தோளும். அங்கிருந்து கிளம்பி வந்து தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்ண மீன் கடை வைத்தேன். ஊரில் பாதி டாக்டர்களின் கிளினிக்கில் இருந்த மீன் தொட்டி என் கையால் வைத்ததுதான். நோயாளிகள் டாக்டரைப் பார்த்த நேரத்தைவிட என் மீனைப் பார்த்த நேரம் அதிகம்.

ஊரில் பணம் புழங்கத் தொடங்கியிருந்த காலம் அது. கலர் டிவி வந்தது, கார் வந்தது. வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் பழைய சிமெண்ட் தரையைப் பெயர்த்துவிட்டு மார்பிள் போட்டார்கள். மார்பிள் போட்ட கூடத்தில் மீன் தொட்டி இல்லாவிட்டால் அது கூடமே இல்லை என்று ஆனது. அப்படி ஒரு எண்ணத்தை ஊருக்குள் கிளப்பிவிட்டதில் என் பங்கு பெரியது.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னோடு ஆடு மேய்த்தவன் சவுதியில் கிரேன் ஓட்டினான். எங்கள் தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்தவன் சிங்கப்பூரிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். அவர்கள் எல்லாம் போன விமானத்தில் எனக்கு மட்டும் இடம் இல்லையா? பாஸ்போர்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். சாப்பிடும்போதும் அது நெஞ்சில் குத்தும்.

"அத எடுத்து பீரோவுல வைங்க," என்பாள் என் மனைவி. "வேர்வையில ஊறி போட்டோவுல உங்க மூஞ்சி அழிஞ்சிரப் போவுது. அப்பறம் யாருன்னு சொல்லி ஏத்துவான்?"

அந்த நாளில்தான் பாய் என் கடைக்கு வந்தார். சீர்காழிப் பக்கம் ஊர். ஜித்தாவில் பெரிய பணக்காரர் ஒருவர் வீட்டில் டிரைவராகச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டு நிர்வாகமே அவர் கைக்கு வந்திருந்தது. ஊரில் புதிதாக வீடு கட்டியிருந்தார். கூடத்தில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு தொட்டி வேண்டும் என்றார். அதுவரை சரி. அதில் கடல் தண்ணீர் ஊற்றி, கடல் மீன் விட வேண்டும் என்றார்.

"பண்ணிரலாம் பாய்," என்றேன்.

"இதுக்கு முன்னாடி கடல் மீன் வளத்திருக்கீங்களா தம்பி?"

"மீன்னா மீன்தானே பாய்."

"தண்ணி வேறயா இருக்கே?"

"அதுவும் நம்ம கடல்தானே. அரேபியாவுலேருந்தா கொண்டு வரப்போறோம்?"

சிரித்துவிட்டார். என் பேச்சுக்குச் சிரிக்காதவர் குறைவு. தொட்டியை வைத்துக் கொடுத்தேன். பூம்புகார் கடற்கரையிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன். சாலை அங்கே கடல் ஓரம் வரைக்கும் போகும், வேன் நிறுத்த வசதி. அதோடு காவிரி போய்க் கடலில் கலக்கிற இடம் அது. காவிரியைக் குடித்து வளர்ந்தவனுக்கு அதைவிட நல்ல தண்ணீர் எது? மீனவர்கள் வலையில் வந்த நீலமும் மஞ்சளுமான சின்ன மீன்களை வாங்கி விட்டேன். வாரம் ஒரு தடவை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மீன்கள் பிழைத்தன. பிழைக்காமல் என்ன?

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பாய் கையில் ஒரு ஐஸ் டப்பா இருந்தது. திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்தவர் மூடியைத் திறந்து, "என்ன இது, கல்லா?" என்று கேட்டாராம். "கல்லுதாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒன்று சொல்கிறேன். இன்றைக்குப் பவளத்தை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகும், அப்படிச் சட்டம் வந்துவிட்டது, வந்ததும் நல்லதுக்குத்தான். நான் சொல்வது அதற்கு முந்தின கதை.

டப்பாவுக்குள் தண்ணீரில் தோசை அளவுக்கு வட்டமாக ஒரு பொருள். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். நடுவில் இருந்து ஓரம் வரைக்கும் மடிப்பு மடிப்பாகக் கோடுகள், காளானைத் திருப்பிப் போட்டால் அடியில் இருக்குமே, அது மாதிரி. நடுவில் நீளமாக ஒரு கீறல்.

"தட்டுப் பவளம்," என்றார் பாய். "அந்தக் கீறல்தான் வாய். மத்தப் பவளமெல்லாம் பாறையில ஒட்டிக்கிட்டு கூட்டமா இருக்கும். இது தனி ஆளு. மணல்ல படுத்திருக்கும். ஒரே உசுரு."

நான் அதை வாங்கி, தொட்டியின் நடுவில் நான் அடுக்கி வைத்திருந்த பாறை மேல் கிரீடம் மாதிரி நிறுத்தி வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

"யோவ், எடுய்யா! கல்லு மேல வச்சா உரசி உரசிப் புண்ணாயிடும். கீழ மணல்ல படுக்க வை."

படுக்க வைத்தேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "எங்க முதலாளி வீட்டுல இதைவிடப் பெரிய தொட்டியா சுவரு நீளத்துக்குக் கட்டப் போறாரு. பாத்துக்க நம்பிக்கையான ஆள் வேணும்னு என்கிட்ட சொல்லியிருக்காரு. அடுத்த லீவுக்கு நான் வரும்போது இது உசுரோட இருந்துச்சுன்னு வைங்க, உங்க விசா என் பொறுப்பு."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். "கல்லு உசுரோட இருக்கா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க? கூப்பிட்டா பேசுமா?"

பாய் கிளம்பிப் போனார். நானும் அந்தக் கல்லும் மிச்சம்.

முதல் மாதம் வாரம் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு மூன்று தடவை சீர்காழி பஸ்ஸில் இருந்தேன். கடையில் உட்கார்ந்தால் தொட்டி ஞாபகம், தொட்டிக்கு முன்னால் நின்றால் ஜித்தா ஞாபகம். பாய் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். "வந்துட்டீங்களா அண்ணே? உங்க விசா நல்லாத்தான் படுத்திருக்கு, போய்ப் பாருங்க," என்று வாசலிலேயே சொல்லுவார்.

என்ன படித்தேனோ அதைப் பார்த்தே படித்தேன். வெளிச்சம் இருக்கும்போது உடம்பு உப்பி, ஊறின உளுந்து மாதிரி இருக்கும். இறால் துண்டைக் கிள்ளி அந்தக் கீறலில் வைத்தால், கீறல் மெதுவாகத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருநாள் மீன் ஒன்று வாலால் மணலைக் கிளறி அதன் மேல் கொட்டிவிட்டது. நான் கையை விடப் போனேன். "பொறுங்கண்ணே, அதுக்கு வழக்கந்தான்," என்றார் தங்கச்சி. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, அது தண்ணீரை உள்ளே இழுத்துப் பலூன் மாதிரி உப்பியது. மணல் நாலா பக்கமும் சரிந்து விழுந்தது. பிறகு சுருங்கிப் பழையபடி படுத்தது. வேலை முடிந்த ஆள் வேட்டியை உதறிக் கட்டுவது மாதிரி.

அது நடக்கவும் செய்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நான் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போனால், அடுத்த தடவை வரும்போது ஒரு சாண் தள்ளி இருக்கும். முதலில் தங்கச்சி தள்ளி வைத்தார் என்று நினைத்துச் சண்டை போட்டேன்.

"நான் ஏன் தொடப்போறேன்? உப்பி உப்பித் தானே நவுந்து போவுது. இந்த வீட்டுல வெளிய போக ஆசைப்படாதது எது இருக்கு?" என்றார். அப்போது அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பாய்க்கும் அவருக்கும் இடையே கேசட்டுகள் போய் வந்தன. போனில் பேசினால் பாதிப் பேச்சு நல்லா இருக்கீங்களா நல்லா இருக்கோம் என்பதிலேயே போய்விடும். கேசட் என்றால் மனம் விட்டுப் பேசலாம். ஊருக்குப் போகிறவர், வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு கேசட்டிலும் பாய் கடைசியில், "தட்டு எப்படி இருக்கு?" என்று கேட்பார். எனக்கு அந்த ஒரு வரியை மட்டும் தங்கச்சி போட்டுக் காட்டுவார். "நல்லா இருக்குன்னு அழுத்திச் சொல்லுங்க தங்கச்சி," என்பேன். சொன்னாரா இல்லையா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

ஐப்பசி வந்தது.

அதற்கு முந்தைய வருஷங்களில் காவிரி வரவில்லை, வரவில்லை என்று நாங்கள் கத்தாத கத்தல் இல்லை. அந்த வருஷம் மேலே அணையில் இருந்து தண்ணீர், மேகத்தில் இருந்து தண்ணீர், இரண்டும் சேர்ந்து வந்தது. வாய்க்கால், வயல், சாலை எல்லாம் ஒன்று. சீர்காழிப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது போனதுதான். தொட்டியில் காற்று மோட்டார் நின்றது. நான் எப்படியோ பாதி தூரம் பஸ், பாதி தூரம் டிராக்டர் என்று போய்ச் சேர்ந்தபோது தொட்டித் தண்ணீர் நாற ஆரம்பித்திருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தட்டின் சதை சுருங்கி, உள்ளே இருக்கிற கல் எலும்போடு ஒட்டிக் கிடந்தது.

"நான் விசிறி வச்சு விசிறிக்கிட்டே இருந்தேண்ணே," என்றார் தங்கச்சி. கை சிவந்திருந்தது. "மொறம் எடுத்து விசிறினேன். தண்ணியக் கரண்டியால மொண்டு மொண்டு ஊத்தினேன். வேற என்ன செய்யறது?"

தண்ணீரை மாற்ற வேண்டும், அதுவும் பாதிக்கு மேல். யோசிக்க நேரம் இல்லை. அவர்கள் உறவுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்துக்கே போனேன். பூம்புகாரில் கடல் கடல் நிறத்தில் இல்லை. ஆறு போய்க் கலக்கிற இடம் முழுக்கச் செம்மண் கரைசல், கரை ஓரம் முழுக்க அதே நிறம். ஆகாயத் தாமரையும் வைக்கோலும் மிதந்தன. எனக்கு அது புதிது இல்லை. புது வெள்ளம் வந்தால் ஆற்றுத் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். கலங்கலைப் பார்த்துப் பயப்படுகிறவன் ஆற்றங்கரையில் பிறந்தவனா? கேன்களை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

வந்து எங்கள் வீட்டில் அம்மா செய்வதைச் செய்தேன். பெரிய அண்டாக்களின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசி, அந்தத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். வெள்ளக் காலத்தில் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க நாங்கள் எல்லாரும் தெளியவைப்பது இப்படித்தான். பொழுது விடிந்து மூடியைத் திறந்தால் கண்ணாடி. அண்டாவின் அடி தெரிந்தது. கலங்கல் எல்லாம் கீழே மாவு மாதிரிப் படிந்திருந்தது.

"பாத்தீங்களா தங்கச்சி? ஜித்தாவுல இதுக்கு மிசின் வச்சிருப்பான். நமக்கு ஒரு கொட்டை போதும்."

"கை வச்சா ரசவாதந்தான் அண்ணே நீங்க," என்றார்.

மேலாக மொண்டு தொட்டியில் ஊற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான தண்ணீரை அந்தத் தொட்டி கண்டதில்லை.

மறுநாள் தட்டு உப்பவில்லை. அதற்கு அடுத்த நாள் ஓரத்தில் சதை கிழிந்து, ஊறின காகிதம் மாதிரி தொங்கியது. கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் தெளிவு. என்ன குறை? கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நடந்து நடந்து ஒன்றும் பிடிபடாமல், கையை விட்டு அதைத் தொட்டுவிட்டு, ஏதோ நினைப்பில் விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு இல்லை. இல்லை என்றால் அறவே இல்லை என்று இல்லை, நோயாளிக்குக் கொடுக்கிற கஞ்சியில் இருக்கிற அளவுக்குத்தான் இருந்தது. நான் கொண்டுவந்தது கடலே அல்ல. கடல் இருக்கிற இடத்தில் வந்து நின்ற காவிரி.

மண்ணைத்தான் கொட்டை கீழே இறக்கும். இல்லாத உப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? வெள்ளம் என்றால் கலங்கல், கலங்கல் தெளிந்தால் நல்ல தண்ணீர் என்பது எங்கள் ரத்தத்தில் இருப்பது. தஞ்சாவூர்க்காரன் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். பாலைவனத்தில் பிறந்தவனுக்கு இந்தத் தவறு வந்திருக்காது.

வேதாரண்யத்துக் கல்லுப்பைக் கடையில் வாங்கிக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். மழை விட்டதும் பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் சேராத கரையாகப் பார்த்துத் தரங்கம்பாடி வரைக்கும் போய், அலைக்குள் இறங்கி, வாயில் ஊற்றிப் பார்த்துக் குமட்டிய பிறகுதான் கேனில் பிடித்தேன். அந்தத் தண்ணீரில் மீன்கள் பிழைத்துக்கொண்டன. தட்டில் சதை எல்லாம் உரிந்து போயிற்று. வெள்ளை வெளேர் என்று கல் மட்டும் மணலில் கிடந்தது. இப்போது அது மெய்யாகவே கல்.

அன்றைக்குத் தஞ்சாவூர் வந்து சேர்ந்து பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில் வைத்தேன். என் மனைவி பார்த்தாள். மறுநாள் காலையில் அவளே அதை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். "பை வெறுமையா இருந்தா உங்க நடையே கோணுது," என்றாள்.

அடுத்த வாரம் போனபோது அந்தக் கல்லை எடுத்துவிடலாம் என்றேன். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்.

"இருக்கட்டும் அண்ணே. வெறும் மணலா இருந்தா இன்னும் மோசமா இருக்கும். அந்த மீனுங்க அதுக்கு அடியிலதான் போயி ஒளியுது."

"பாய் கேசட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டுட்டாங்க. சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"ஒடம்பு சரியில்லன்னு."

"செத்ததுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்வாங்களா?"

"தூரத்துல இருக்கறவங்களுக்கு அப்படித்தாண்ணே சொல்லணும். திடீர்னு சொன்னா தாங்க மாட்டாங்க. எங்க மாமனார் மவுத்துக்கும் மொதல்ல அப்படித்தான் சொன்னோம்."

அதன் பிறகு தை போய், மாசி போய், பங்குனி வந்தது. பாய் வருகிற நாள் தெரிந்தது. இந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கடையில் ஒரு தொட்டியைக் கழுவ எடுத்து, பாதியில் விட்டுவிட்டு, இன்னொன்றைக் கழுவுவேன். டீ சொல்லிவிட்டு, டீ வருவதற்குள் எழுந்து போய்விடுவேன். ஆனால் தொட்டியை விடவில்லை. விளக்கு, மோட்டார், தரங்கம்பாடித் தண்ணீர் எல்லாம் தவறாமல் நடந்தது. உயிருள்ள பவளத்துக்குச் செய்ததைவிட அதிகமாகவே செத்த பவளத்துக்குச் செய்தேன்.

பாய் வருவதற்கு முன்னால் ஒரு யோசனை வந்தது. கல்லின் மேல் பாசி பிடித்து அழுக்காக இருந்தது. பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் சங்கு மாதிரி வெளுத்துவிடும். ஒரு மரப்பீடம் செய்து அதன் மேல் வைத்துக் கொடுத்தால், சரி, உயிரோடுதான் கொடுக்க முடியவில்லை, அலங்காரமாகவாவது கொடுத்தான் என்று இருக்கும். வாளியில் பவுடரைக் கரைத்து வைத்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தேன்.

"அண்ணே, அதுல பரு கெளம்பியிருக்கு," என்றார் தங்கச்சி.

"பாசி."

"பாசி பச்சையா வழுவழுன்னு இருக்கும். இது உருண்டையா இருக்கு. நான் கொஞ்ச நாளாவே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பெருசாவுது."

"அப்படின்னா ஏதாச்சும் சிப்பி ஒட்டியிருக்கும். வாளிய இப்படி நவுத்துங்க."

"நவுத்த மாட்டேன். மொதல்ல அதைத் தண்ணியில வைங்க. கையில சொட்டுது பாருங்க, தரையெல்லாம் ஈரம்."

தரை ஈரமாவதற்காக இல்லை, அந்தக் குரலுக்காகத் திரும்ப வைத்தேன். விளக்கைக் கிட்டே இழுத்துக் குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கல்லின் மடிப்புகளுக்கு நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பாக, குட்டையான காம்பின் மேல் ஒன்று. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. ஓரத்தில் இன்னும் சில. ஒவ்வொன்றிலும் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

தங்கச்சி சமையல்கட்டுக்கு ஓடிப் போய் இறாலைக் கொண்டுவந்தார். நகத்தால் தூள் மாதிரிக் கிள்ளி, ஈர்க்குச்சி நுனியில் வைத்துப் பெரிய பொத்தானின் மேல் நீட்டினேன். முதல் துண்டை மீன் கொத்திக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது துண்டு விழுந்தது. கீறல் அசைந்தது. திறந்தது. இறால் உள்ளே போனது.

இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். வெளியே எல்லாம் செத்து உரிந்தபோது, அந்த மடிப்புகளின் ஆழத்தில் எங்கோ ஒரு துளிச் சதை ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அது இத்தனை மாதமும் விளக்கையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, தாயின் எலும்பிலேயே குட்டிகளை எழுப்பியிருக்கிறது. இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொல்லைச் சாக்கடையில் கொட்டினேன்.

பாய் வந்த அன்றைக்கு நான் முன்னாலேயே போய்க் கூடத்தில் நின்றிருந்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால்தானே! பெட்டிகளை இறக்கினார்கள், சொந்தக்காரர்கள் வந்து கைகொடுத்தார்கள், டீ வந்தது. எல்லாம் முடிந்து அவர் தொட்டிக்கு முன்னால் வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

"செத்துச்சு பாய்."

"எப்படி?"

"காவிரித் தண்ணி."

"காவிரித் தண்ணி வரலன்னுதானேயா ஊரு பூரா கத்துறீங்க?"

"வந்துச்சு பாய். வந்ததுதான் வெனை." நடந்ததைச் சொன்னேன், தேற்றாங்கொட்டை வரைக்கும். கொட்டைக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு வர முயற்சி செய்ததைப் பார்த்தேன். பிறகு ஈர்க்குச்சியையும் இறாலையும் எடுத்து, "குனிஞ்சு பாருங்க," என்றேன்.

பார்த்தார். கீறல் திறந்து மூடியதைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. எங்க முதலாளி வீட்டுல செத்துருச்சுன்னு எத்தனையத் தூக்கிக் குப்பையில வீசியிருக்கோம்! ஒருத்தனுக்கும் தெரியாதே. நீங்க எப்படித் தம்பி தூக்கிப் போடாம வச்சிருந்தீங்க?"

"ஒரு பொறுமைதான் பாய்," என்றேன்.

"பிளீச்சிங் பவுடர் வாங்கிட்டு வந்ததையும் சொல்லுங்கண்ணே," என்றார் தங்கச்சி வாசலில் இருந்து.

பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்ப விசா யாருக்குக் குடுக்கறது? இவருக்கா, ஒனக்கா?"

"எனக்குக் குடுங்க. நான் போறேன். நீங்க ரெண்டு பேரும் இங்க ஒக்காந்து இறால் கிள்ளிப் போடுங்க."

பாய் சிரித்தார், நானும் சிரித்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் ஜித்தாவைப் பார்த்தது பாய் கொண்டுவந்த போட்டோவில்தான். பிறகு அவரே, "அண்ணனுக்கே குடுங்க. இவரு இங்க இருந்தா எங்க வீட்டு மார்பிள் தேஞ்சு போயிரும், அப்படி நடக்கறாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விசா வந்தது. போனேன். அந்த முதலாளி வீட்டுச் சுவர் நீளத் தொட்டியை நான் எப்படி வைத்திருந்தேன் என்பது தனிக் கதை. இன்றைக்கும் அங்கே கேட்டால் என் பெயரைச் சொல்லுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாய் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போனார். முகத்தில் கண்ணாடி மாட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பாறை விளிம்பில் குனியச் சொன்னார். குனிந்தேன்.

கீழே சரிவில் பவளப் பாறைகளுக்கு நடுவே மணல். மணல் முழுக்கத் தட்டுகள். எங்கள் ஊரில் களத்து மேட்டில் வறட்டி தட்டிக் காயப் போட்ட மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, பெரிதும் சிறிதுமாக. உடைந்து கிடந்தவை மேல் குட்டிகள். கவிழ்ந்து கிடந்தவை. மீன்கள் அவற்றின் மேல் மணலைக் கொட்டிக்கொண்டே போயின. அவை உப்பித் தள்ளிக்கொண்டே இருந்தன. எவனும் இறால் கிள்ளிப் போடவில்லை. எவனும் தண்ணீர் மாற்றவில்லை. உப்பை எவனும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நான் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேனே, அந்த ஒன்று! தலையைத் தூக்கிவிட்டேன். பாய், "என்ன தம்பி, பயந்துட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். ஆனால் அதற்கு மேல் அந்தத் தண்ணீரில் நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றேன். எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் கேசட் கொண்டுவந்தார். அறையில் பாயும் நானும் உட்கார்ந்து போட்டோம். முதலில் தொட்டி மோட்டார் சத்தம். தங்கச்சி அதன் பக்கத்தில் டேப்பை வைத்துத்தான் பேசியிருக்கிறார். வீட்டு விஷயம், சொந்தக்காரர் விஷயம் எல்லாம் ஆனது. பிறகு, "அண்ணன் பக்கத்துல இருந்தா கேக்கச் சொல்லுங்க. பெரிய குட்டி காம்பு ஒடஞ்சு கீழ விழுந்துருச்சு அண்ணே. குப்புற விழுந்து கெடக்கு. வாய் மணலுக்குள்ள இருக்கு. நிமுத்தி வைக்கவா, அப்படியே விடவா? தொட்டா கிழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு." அதோடு கேசட் முடிந்தது.

கேசட் கிளம்பி எத்தனை நாள் ஆயிற்றோ. அது இன்னும் குப்புறக் கிடக்கிறதா, மூச்சு முட்டிச் செத்துவிட்டதா? பாய், "நாளைக்கு போன் பண்ணிக்கலாம்," என்றார். நாளைக்கா! செருப்பைப் போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. தெருமுனையில் இருந்த டெலிபோன் கடைக்கு ஓடினேன். வரிசையில் நின்ற மலையாளத்துக்காரர்களிடம், "ஊர்ல ஒரு சீரியஸ் கேஸ்," என்று சொல்லி முன்னால் புகுந்தேன். பாவம், வழிவிட்டார்கள்.

"தங்கச்சி, தொடாதீங்க! மொதல்ல கையக் கழுவி, மணலோட சேத்து அள்ளி..."

"எதை அண்ணே?"

"குட்டிய! குப்புற விழுந்துச்சே!"

"அதுவா?" அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. "அது எப்பவோ உப்பித் தானே பொரண்டு படுத்துருச்சு. இப்ப நவுந்து நவுந்து மோட்டார் பக்கம் போயிருச்சு. ரெண்டாவதும் விழுந்தாச்சு. நான் இப்பல்லாம் இறாலை அரைச்சுத்தான் வைக்கிறேன், நல்லா திங்குது. நீங்க அங்க இருக்கறதைப் பாருங்க அண்ணே. இதை நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டார். பின்னால் நின்றவர், "ஊர்ல எல்லாம் நல்லபடியா?" என்று கேட்டார். நல்லபடி என்றேன். கடைக்காரன் கையில் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அறைக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, கால் போன பக்கம் நடந்தேன்.